ஒப்புக்குச் சப்பாணியும் உண்மையான ஆட்டமும்: ஆட்டிசம் உள்ள குழந்தையோடு உடன்பிறந்தவர் விளையாடுவது

தெருவில் விளையாடி வளர்ந்த எவருக்கும் 'ஒப்புக்குச் சப்பாணி' யார் என்று தெரியும். ஓடிப்பிடித்து விளையாடும் கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். சேர்த்துக்கொள்ளாவிட்டால் வீட்டில் திட்டு விழும் என்பதற்காக அதையும் சேர்த்துக்கொள்வார்கள். அதை யாரும் துரத்த மாட்டார்கள். அது யாரையாவது தொட்டாலும் கணக்கில் வராது. ஆட்டத்துக்குள் நிற்கும், ஆட்டத்தில் இருக்காது. நடக்க முடியாத பிள்ளையை வைத்து உண்டான சொல் அது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீடுகளில் நாளுக்குப் பத்து முறை ஒலிக்கும் வாக்கியம், "தம்பியையும் சேர்த்துக்கொண்டு விளையாடு" என்பது. என் தங்கை வீட்டிலும் அப்படித்தான். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஆறு. அவர்கள் இங்கே அக்காவும் தம்பியுமாகவே இருக்கட்டும். அக்கா பந்தை எடுத்து வந்து தம்பியை நோக்கி உருட்டுவாள். அவன் சோடா மூடிகளைச் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். பந்து அவன் முழங்காலில் பட்டு நிற்கும். மறுபடி உருட்டுவாள். மூன்றாவது முறை ஒரு மூடி இடம் மாறிவிடும். அவன் அலறுவான். சமையலறையிலிருந்து திட்டு விழுவது அக்காவுக்குத்தான்.

"அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை பெரியம்மா" என்று ஒருநாள் சொன்னாள். அன்று அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்தும், பயிற்சி தருபவர்களிடம் கேட்டும், அந்த இரண்டு பேரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், காற்றில் உலவும் சில பேச்சுகள்

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவது, பேச்சு, கவனம் செல்லும் திசை, சத்தத்தையும் தொடுகையையும் உணரும் விதம் எல்லாவற்றிலும் அது தெரியும். ஆனால் இரண்டு குழந்தைகளிடம் ஒரே மாதிரி தெரியாது. ஒரு குழந்தை ஒரு சொல்லும் பேசாது. இன்னொன்று ரயில் இன்ஜின்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசும். 2021இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

பெயரே குழப்பத்துக்கு ஒரு காரணம். 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு அந்தப் பெயர் இவர்களுக்கு நிலைத்தது. 'தனக்குள்ளேயே இருப்பவர்கள்' என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று மருத்துவர்களே பேசினார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அதை ஆதாரத்தோடு மறுத்தார். பழி மட்டும் ஊர் ஊராக உடை மாற்றிக்கொண்டு வருகிறது. நம் ஊரில் அது "இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள்", "செல்போனைக் கொடுத்தே வளர்த்தார்கள்" என்று பேசும்.

இன்னொன்றும் சொல்வார்கள்: "இன்னொரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும், கூட விளையாட ஆள் வந்துவிடும்." எனக்கு ஆகவே ஆகாத பேச்சு இது. பிறக்கும் முன்பே ஒரு குழந்தையை மருந்தாக்கிவிடுகிறது. தவிர, ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், பின்னால் பிறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்று 2024இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இளைய குழந்தையின் வளர்ச்சியையும் சிறு வயதிலேயே மருத்துவரிடம் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

டார்ச்சும் டியூப் லைட்டும்

மின்சாரம் போன இரவில் டார்ச் அடித்துத் தீப்பெட்டி தேடியிருப்பீர்கள். டார்ச் விழும் இடத்தில் அலமாரியின் கீறல்கூடத் துல்லியமாகத் தெரியும். ஒரு அடி தள்ளி யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. டியூப் லைட் எரியும்போது அறை முழுவதும் ஓரளவுக்குத் தெரியும், கீறல் கண்ணில் படாது.

நம்மில் பலருடைய கவனம் டியூப் லைட். டிவி பார்த்துக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுகிறோம். ஆட்டிசம் உள்ள பலருடைய கவனம் டார்ச். ஒன்றின்மேல் முழுதாக விழும், மற்றவை இருட்டில் போய்விடும். இதை ஒருமுனைக் கவனம் என்போம். தைனா மர்ரேயும் அவரோடு சேர்ந்த இருவரும் 2005இல் எழுதிய கட்டுரை ஆட்டிசத்தை இந்தக் கோணத்திலிருந்து விளக்கியது.

இப்போது சோடா மூடிக்கு வருவோம். தம்பியின் டார்ச் மூடிகளின்மேல் இருக்கிறது. பந்து வந்ததும் அக்கா சிரித்ததும் அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியே நடந்தவை. அவன் அவளை ஒதுக்கவில்லை, அவள் அங்கே வந்ததே அவனுக்கு எட்டவில்லை. மூடி நகர்ந்தபோது மட்டும் எட்டியது, அதுவும் ஒரு இடியாக. படம் உச்சத்தில் இருக்கும்போது யாரோ சட்டென்று விளக்கைப் போட்டால் நமக்கும் எரிச்சல்தான் வரும்.

நிலாவைக் காட்டும் விரல்

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, "அதோ பார் நிலா" என்று காட்டிச் சோறு ஊட்டுகிறோம். குழந்தை நிலாவைப் பார்க்கும். உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். பிறகு மறுபடி நிலா. அந்தத் திரும்பல் ஒரு நொடிதான். ஆனால் 'நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாய், அது எனக்குத் தெரியும்' என்ற முழுப் பேச்சும் அதற்குள் இருக்கிறது. குழந்தை, அம்மா, நிலா என்று ஒரு முக்கோணம் உண்டாகிறது. இதன் பெயர் கூட்டுக் கவனம். பெரும்பாலான குழந்தைகளிடம் ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு மெல்லத் தெரியத் தொடங்கும்.

விளையாட்டு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த முக்கோணத்தின்மேல் கட்டியதுதான். பந்தைப் பிடிக்க வேண்டுமானால் பந்தையும் எறிபவரையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். கண்ணாமூச்சியில் இன்னும் ஒரு படி மேலே போய், 'நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது' என்று யோசிக்க வேண்டும். டார்ச் கவனம் உள்ள குழந்தை ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் வெளிச்சம் அடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் முக்கோணம் தாமதமாக உருவாகலாம், அல்லது நமக்குப் பழக்கமில்லாத வடிவில் உருவாகலாம். தம்பி முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் புதிதாகக் கிடைத்த மூடியை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு ஓடிப்போவான். 'பார்' என்று அவன் சொல்லும் விதம் அது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூடி காலில் குத்துகிறது என்று பொறுக்கிப் போட்டுவிட்டார்கள்.

"என் கண்ணைப் பார்த்துச் சொல்" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதால் இந்த முக்கோணம் வந்துவிடாது. பலருக்குக் கண்ணைப் பார்ப்பது கூசும். பார்ப்பதிலேயே எல்லாக் கவனமும் செலவாகி, சொல்வது காதில் விழாமல் போகும்.

*இதுவரை பார்த்தது: தம்பி அக்காவை வெறுத்து ஒதுங்கவில்லை. அவன் கவனம் ஒரே இடத்தில் ஆழமாக விழுகிறது, இரண்டு பேர் ஒரு பொருளைச் சேர்ந்து கவனிப்பது அவனிடம் வேறு வடிவில் வருகிறது. விளையாட்டு அந்த வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும்.*

பூத் தொடுக்கும் பாட்டிகள்

திண்ணையில் இரண்டு பாட்டிகள் பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கூடை, இரண்டு நார்ச்சுருள். அரை மணி நேரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா, தனித்தனியாக இருக்கிறார்களா? நம் ஊரில் எவரும் தயங்காமல் சேர்ந்திருக்கிறார்கள் என்றே சொல்வார்கள். ஒரு பாட்டி ஒருநாள் வராவிட்டால் மற்றவருக்குக் கை ஓடாது.

குழந்தைகளின் விளையாட்டிலும் இதற்கு இடம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் சில வகைகளாகப் பிரித்தார். தனியாக விளையாடுவது, மற்றவர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பொருளை வைத்து விளையாடுவது, பொருள்களை மாற்றிக்கொண்டு விளையாடுவது, ஒரே நோக்கத்தோடு கூட்டாக விளையாடுவது என்று அது போகும். இவற்றில் பக்கத்துப் பக்கத்தில் நடப்பதை இணை விளையாட்டு என்கிறோம்.

பார்ட்டனின் வகைகளைப் பலரும் ஏணிப்படியாக எடுத்துக்கொண்டார்கள், கீழ்ப்படி மட்டம், மேல்படி உசத்தி என்று. எந்தக் குழந்தையும் அப்படி ஏறுவதில்லை. ஒரே மாலையில் தனியாகவும் பக்கத்திலும் கூட்டாகவும் மாறி மாறி விளையாடும். பக்கத்தில் உட்காருவது பல சமயம் கூட்டாக விளையாடுவதற்கு வாசற்படி. வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் அது விளையாட்டுதான்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். 'அவனைப் பந்து பிடிக்க வைக்க வேண்டும்' என்பது அவளுக்குத் தரப்பட்டிருந்த வீட்டுப்பாடம். தான் தினமும் அதில் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

தாயத்தின் சட்டம் ஊருக்கு ஊர் வேறு

கோடை விடுமுறையில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளோடு தாயம் ஆடியவர்களுக்கு அந்தச் சண்டை நினைவிருக்கும். "தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம்." "இல்லை, எங்கள் ஊரில் ஐந்துக்கும் இறக்கலாம்." "ஒரு காயையாவது வெட்டினால்தான் பழம் எடுக்கலாம்." "அப்படி ஒரு சட்டமே கிடையாது." இரண்டு பேருக்கும் தாயம் தெரியும். இரண்டு பேரும் நன்றாக ஆடுவார்கள். சட்டம் மட்டும் வேறு. 'அவனுக்கு ஆடவே தெரியாது' என்று இரண்டு பேருமே முடிவு கட்டிக்கொண்டு எழுந்துபோவார்கள்.

ஆட்டிசம் உள்ளவரும் மற்றவரும் சந்திக்கும்போது நடப்பதும் இதுவே என்கிறார் டேமியன் மில்டன். தாமும் ஆட்டிசம் உள்ளவரான இந்தப் பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் இருபக்கப் புரியாமை என்று சொல்லலாம். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்றே வெகுகாலம் பேசிவந்தார்கள். அவர் மனம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. காலடியில் வைத்த மூடியைப் பொறுக்கிப் போட்டது நாங்கள்தானே.

உடன்பிறந்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அவர்கள் இரண்டு ஊர்ச் சட்டத்தோடும் வளர்கிறார்கள். தம்பி காதைப் பொத்தினால் அடுத்து என்ன நடக்கும் என்று பயிற்சியாளருக்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் அவளிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மிக்சி சத்தமும் ஊஞ்சலும்

கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது கணக்குப் போடச் சொன்னால் நம்மால் முடியுமா? சில குழந்தைகளுக்கு வீட்டு மிக்சியே அந்த மேளம். சட்டையின் காலரில் உள்ள துணிச்சீட்டு முள்ளாகக் குத்தும். வேறு சிலருக்கு நேர்மாறு. எவ்வளவு சுற்றினாலும் தலை கிறுகிறுக்காது, எவ்வளவு இறுக்கி அணைத்தாலும் போதாது. ஒரே குழந்தைக்கே சத்தம் அதிகமாகவும் அசைவு போதாததாகவும் இருக்கலாம். இதைப் புலன் வேறுபாடு என்பார்கள்.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலூன் உடைத்து விளையாடும் பிறந்தநாள் விழாவில் குழந்தை ஓடி ஒளிந்தால் அது பழகத் தெரியாததால் அல்ல, காது வலிப்பதால். அசைவைத் தேடும் குழந்தைக்கு நம் வீடுகளில் பழைய சொத்து ஒன்று இருக்கிறது, ஊஞ்சல். அக்கா ஆட்டுவாள், தம்பி ஆடுவான். நிறுத்தினால் அவனாகவே அவள் கையைப் பிடித்து இழுப்பான். கையைப் பிடித்தல்லவா கேட்கிறான்? பேச்சு இல்லாமல் ஒரு உரையாடல் தொடங்கிவிட்டது. கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதும், பாயில் உருட்டி விடுவதும் இதே இனம். உருட்டும்போது முகம் மூடக் கூடாது, குழந்தை நினைத்தவுடன் வெளியே வர முடிய வேண்டும்.

*சுருக்கமாக: பக்கத்தில் இருப்பதும் விளையாட்டு. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. காதும் தோலும் ஒத்துக்கொள்ளாத ஆட்டத்தில் எந்தக் குழந்தையும் சேராது.*

வெளிச்ச வட்டத்துக்குள் போவது

நாம் வழக்கமாகச் செய்வது, குழந்தையை அதன் விளையாட்டிலிருந்து பிய்த்து நம் விளையாட்டுக்குக் கொண்டுவருவது. டார்ச்சைக் கையிலிருந்து பிடுங்குவது போன்றது அது. டார்ச் அடிக்கும் இடத்துக்கு நாம் போவது சுலபம்.

அக்காவுக்கென்று தனியாக ஒரு டப்பா சோடா மூடி வாங்கினோம். தெரு முனைப் பெட்டிக்கடைக்காரர் காசு வாங்காமலேயே ஒரு பை நிறையக் கொடுத்தார். அவள் தம்பியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து, தன் மூடிகளை வரிசையாக அடுக்கினாள். அவன் மூடியைத் தொடவில்லை. ஒன்றும் பேசவில்லை. அவன் சிவப்பு வைத்தால் இவளும் சிவப்பு. அவன் ஒன்றைக் கவிழ்த்தால் இவளும் கவிழ்த்தாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் ஒரு மூடியைக் கவிழ்த்துவிட்டுக் கையை எடுக்காமல் ஓரக்கண்ணால் அவள் பக்கம் பார்த்தான். அவள் கவிழ்த்தாள். அவன் நிமிர்த்தினான். அவள் நிமிர்த்தினாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தை செய்வதைப் பெரியவர் அப்படியே திருப்பிச் செய்தால், சில குழந்தைகள் அவரைக் கூடுதலாகக் கவனிக்கிறார்கள், முகத்தைக்கூட அதிகம் பார்க்கிறார்கள் என்பதை ஜெரால்டின் டாசனும் அவருடைய சகாவும் 1984இலேயே எழுதியிருக்கிறார்கள். காரணம் கடினமானதல்ல. தன் செயலுக்கு உடனே, எதிர்பார்த்தபடியே ஒரு பதில் வருகிறது. மனிதர்கள் பொதுவாக அப்படி எதிர்பார்த்தபடி நடந்துகொள்வதில்லை. ஒரு எச்சரிக்கை உண்டு. கேலி செய்வதும் நகல் செய்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். குழந்தைக்கு வித்தியாசம் தெரியும். அவன் முகம் திருப்பினால், கையைத் தள்ளினால், அதை 'வேண்டாம்' என்ற சொல்லாகவே எடுத்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த சூட்சுமம் நம் பாட்டிகளுக்கு எப்போதோ தெரிந்தது. குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி, நண்டு ஊறுது நரி ஊறுது என்று கைமேல் விரல்களை ஓட்டி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோம் அல்லவா? அதன் பொறியைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசை. அடுத்தது என்ன என்று குழந்தைக்கு நிச்சயமாகத் தெரியும். முழங்கை வரை வந்து விரல் நின்றுவிட்டால், அந்த நிறுத்தத்தில் குழந்தை தானாக நிமிர்ந்து பார்க்கும். மாறாத வரிசையும் நடுவில் ஒரு காத்திருப்பும்தான் இங்கே வேலை செய்கின்றன. கிச்சுக்கிச்சு பிடிக்காத குழந்தைக்குக் கடைசியில் உள்ளங்கையை அழுத்திவிட்டாலும் போதும், ஆட்டம் கெடாது.

முறை வைத்து ஆடுவது அதற்குப் பிறகு. 'இப்போது உன் முறை' என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம். அதைத் தெரியும்படி ஆக்க வேண்டும். அதற்குப் பல்லாங்குழி போல ஒன்று கிடையாது. பதினான்கு குழி, கையில் எண்ணக்கூடிய புளியங்கொட்டை, ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் ஓசை. காய் யார் கையில் இருக்கிறதோ அவர் முறை. வெல்வது தோற்பதெல்லாம் முதல் மாதத்தில் வேண்டாம். ஆட்டம் எப்போது முடியும் என்பதும் தெரிய வேண்டும். 'போதும், வா சாப்பிட' என்று திடீரென்று கலைப்பதால் வரும் அழுகையை அடம் என்று நினைக்கிறோம். காலியாகும் டப்பாவோ மணல் கடிகாரமோ முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அழுகை குறையும். பேசாத குழந்தைக்கு ஊஞ்சல், மூடி, பல்லாங்குழி என்று படங்களை ஒரு அட்டையில் ஒட்டி வைத்தால், எதை விளையாடுவது என்பதை அவனே தொட்டுக்காட்டலாம். ஒப்புக்குச் சப்பாணிக்கு அந்த உரிமை ஒருநாளும் கிடைத்ததில்லை.

கடற்கரை முதல் தாம்பரம் வரை

தம்பி சொந்தமாகச் சொற்றொடர் அமைத்துப் பேசுவது குறைவு. ஆனால் கேட்டதை அதே ராகத்தில் திருப்பிச் சொல்வான். இதை எதிரொலிப் பேச்சு என்பார்கள். பொருளில்லாத உளறல் என்று முன்பு ஒதுக்கினார்கள். பல குழந்தைகள் அதை வைத்துத்தான் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்கிறார்கள் என்று இப்போது தெரியும்.

அவனுக்குச் சென்னை மின்சார ரயில் நிலையங்கள் வரிசையாகத் தெரியும். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று அறிவிப்புக் குரலிலேயே சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பான். 'போதுமடா' என்பதுதான் எல்லோரும் தரும் பதில். அக்கா ஒருநாள் எழும்பூர் என்று அவன் சொல்லி முடித்ததும் சேத்துப்பட்டு என்றாள். அவன் நின்றான். ஒரு நீண்ட இடைவெளி. நுங்கம்பாக்கம் என்றான். கோடம்பாக்கம் என்றாள். மாம்பலம். சைதாப்பேட்டை. தாம்பரம் வரை போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, வேண்டுமென்றே கோடம்பாக்கத்துக்குப் பிறகு சைதாப்பேட்டைக்குத் தாவினாள். "மாம்பலம்!" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். முறை வைத்து ஆடுகிறான். அடுத்தவர் சொல்வதைக் கவனிக்கிறான். அவள் தப்பாகச் சொன்னது விளையாட்டுக்காக என்று புரிந்துகொள்கிறான். பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்து வர வேண்டும் என்று நாங்கள் நினைத்த எல்லாமே இதில் வந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை, எதிரெதிரே உட்காரவும் இல்லை.

அக்காவின் கணக்கு

உடன்பிறந்தவர் பயிற்சியாளர் ஆகிவிடக் கூடாது. இது இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் அபிப்பிராயம். மேலே சொன்ன வழிகளை ஒரு ஒன்பது வயதுப் பெண்ணிடம் கொடுத்து, தினமும் ஒரு மணி நேரம் செய் என்றால் அது விளையாட்டு இல்லை, சம்பளமில்லாத வேலை. பத்து நிமிடம் போதும். அவளுக்கு மனமில்லாத நாளில் அதுவும் வேண்டாம். தொடக்கத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தாங்களாகவே ஆடத் தொடங்கியதும் மெல்ல எழுந்துபோய்விட வேண்டும். இந்த எழுந்துபோவதுதான் பெரியவர்களுக்கு வராது.

"அவன் அப்படித்தான், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்பது ஒரு நாளைக்குச் சரியாக இருக்கலாம். பத்து வருடம் அதையே கேட்டு வளரும் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? அவளுடைய ஓவிய நோட்டு கிழிந்தால் அது நிஜமான நஷ்டம். அவளுக்கென்று பூட்டும் சாவியும் உள்ள ஒரு அலமாரி வேண்டும். அவன் அடித்தால் வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு உரிமை வேண்டும். அவள் தோழிகள் வரும்போது தம்பி அங்கே இருக்க வேண்டாம் என்று நினைப்பது பாவமல்ல. தோழிகளோடு அவள் தனியாக விளையாடும் மாலைகள் இருந்தால்தான், அவனோடு விளையாடும் பத்து நிமிடம் அவள் தானாகத் தேடி வருவதாக இருக்கும்.

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லாமல் மறைக்கும் வீடுகளில், அவர்கள் தாங்களாகவே ஒரு விளக்கம் செய்துகொள்கிறார்கள். ஜலதோஷம் போல ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுவார்கள். தான் தள்ளிவிட்டதால்தான் தம்பி இப்படி ஆனானோ என்று உள்ளுக்குள் மறுகுவார்கள். நான்கு வயதில், "தம்பியின் காதுக்கு மிக்சி சத்தம் வலிக்கும்" என்றால் போதும். எட்டு வயதில் ஆட்டிசம் என்ற பெயரையே சொல்லலாம். 'சாமி குழந்தை' என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு உவப்பில்லை. சாமியோடு சண்டை போட முடியாது, சாமி கள்ள ஆட்டம் ஆடாது. சண்டை போடாத அக்கா தம்பி எங்கே இருக்கிறார்கள்?

"எங்களுக்குப் பிறகு நீதான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற வாக்கியத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதையும் நிறுத்தலாம். ஆட்டிசம் உள்ளவர்கள் உட்படச் சில மாற்றுத்திறனாளிகளுக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறது. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சிகளையும் தருகிறது. இவையெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள். அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் 1980களில் டான் மேயர் என்பவர், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் கூடி விளையாடவும் புலம்பவும் சந்திப்புகளை நடத்தத் தொடங்கினார். பெற்றோர் கூடிப் பேசும் சந்திப்புகள் நம் ஊரில் நடக்கின்றன. அடுத்த அறையில் அக்காக்களும் அண்ணன்களும் கூடிப் பேச ஒரு பாய் விரித்தால் செலவு அதிகமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அக்காவுக்குப் பரீட்சை. தம்பி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கடற்கரை என்றான். "இன்றைக்கு இல்லை, படிக்க வேண்டும்" என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அவன் இரண்டு பேருடைய முறையையும் தானே சொல்லிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். கிண்டி தாண்டியது, பழவந்தாங்கல் தாண்டியது. பல்லாவரத்தில் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அவள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், குரோம்பேட்டை என்றாள்.